ஏழாம் கட்டிலின் உயரம்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் பன்னிரண்டு கட்டில்களைச் சுற்றி, இருபத்தாறு வருடமாக அவர் பெயர் பம்பு. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். டயருக்குக் காற்றடித்துப் பழகிய கை, பிறகு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டியது, மாலை வகுப்பில் இரண்டு வருடம் படித்தது, கடைசியில் வெண்டிலேட்டர் டெக்னீஷியன் ஆனது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இந்தக் கதையை டீ குடிக்கும் இடத்தில் வாய்தவறிச் சொல்லித் தொலைத்தார். மறுநாள் காலையில் அவர் பம்பு ஆகியிருந்தார். டாக்டர்களுக்கு 'பம்பு சார்', நர்சுகளுக்கு 'பம்பு அண்ணா'.

மூச்சைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்கள் அவரிடம் வந்தால் ஏமாந்துபோவார்கள். அவருக்கு மூச்சு என்பது நான்கு எண்கள். ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, நிமிஷத்துக்கு எத்தனை தடவை, வெளியே விட்ட பிறகும் உள்ளே எவ்வளவு அழுத்தம் மிச்சம் வைப்பது, காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம். இந்த நான்கையும் கூட்டிக் குறைத்து, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, மறுபடி கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதுதான் உத்தியோகம். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. பிழைத்துப் போகிறவர்கள் டாக்டருக்குக் கும்பிடு போடுவார்கள், நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், பம்புவைப் பார்த்து, "ஏசி மெக்கானிக்கா சார்?" என்று கேட்பார்கள். இத்தனை பேருக்கு மூச்சு விட்டுக் கொடுத்தவருக்கு இரண்டு மாடி ஏறினால் இரைக்கும் என்பது தனிக் கதை.

கல்யாணமான புதிதில் மனைவி ஒன்றைக் கவனித்தார். கணவர் எதிரே உட்கார்ந்து பேச்சு மூச்சில்லாமல் மனைவியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நூலகத்தில் வேலை பார்க்கிற பெண். படித்ததை வைத்து அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டு, பத்து நாள் சந்தோஷமாகவே இருந்தார். பதினோராம் நாள் வெட்கப்பட்டுக்கொண்டே, "என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"பதினாறு" என்றார் பம்பு.

"என்ன பதினாறு?"

"நிமிஷத்துக்குப் பதினாறு. நார்மல்தான். கவலைப்படாதே."

அதன் பிறகு எந்தச் சண்டையிலும் அந்த அம்மாள் கடைசியாக எறிகிற கல், "பதினாறு எண்ணினவருதானே நீங்க!" என்பதுதான்.

இனி, பம்புவின் ஒரு கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி. ஒருவருடைய நுரையீரல் எவ்வளவு பெரியது என்பதை அவர் எடை சொல்லாது, உயரம்தான் சொல்லும். உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. அதனால் வெண்டிலேட்டரைப் போட்டதும் அது முதலில் கேட்பது, ஆணா பெண்ணா, உயரம் எவ்வளவு. அதை வைத்து ஒரு மூச்சுக்கு இத்தனை மில்லி என்று கணக்குப் போடும். ஆனால் அதற்கும் முன்னால் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும்: 'புதிய நோயாளி', 'முந்தைய நோயாளி'. புதியதை அமுக்கினால் இயந்திரம் தன் குழாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க நான்கு நிமிஷம் எடுக்கும். அதுவரை நோயாளிக்கு யாராவது ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முந்தையதை அமுக்கினால் உடனே ஓட ஆரம்பித்துவிடும். கடைசியாகப் படுத்திருந்தவரின் எண்களோடு.

ஆட்கள் போதாத ஒரு வருடத்தில் பம்பு கண்டுபிடித்த வழி இது: குழாய்களை முன்னதாகவே சோதித்து வைத்துவிடு. ஆள் வந்ததும் 'முந்தைய நோயாளி'யை அமுக்கு, மாட்டு, மூச்சு ஓடட்டும். அப்புறம் நிதானமாக உயரத்தை மாற்றிக்கொள். நான்கு நிமிஷம் மிச்சம். அந்த நான்கு நிமிஷத்தில் பிழைத்தவர்களும் உண்டு, பொய் சொல்லக் கூடாது. மொத்தப் பிரிவும் அதைக் கற்றுக்கொண்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்த முறைக்கு 'பம்பு ஸ்டைல்' என்று பெயரே விழுந்தது.

அந்த முறையின் முழுப் பாரமும் 'அப்புறம்' என்ற ஒரு சொல்லின் மேல் நின்றது. பல நூறு தடவை நின்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஏழாம் கட்டிலில் இருந்த மனிதர் இறந்துபோனார். நெடிய ஆள், கால் கட்டிலை மீறி நீட்டிக்கொண்டிருக்கும். நூற்று எழுபத்தெட்டு சென்டிமீட்டர். கட்டிலைத் துடைத்து, விரிப்பை மாற்றி, இயந்திரத்துக்குப் புதுக் குழாய் போட்டுச் சோதித்து வைத்தார்கள். ஒரு மணிக்கு ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். இரண்டாம் வகுப்பு எடுக்கிறவர், நாற்பத்து மூன்று வயது. ஒரு வாரக் காய்ச்சல் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலையும் வெள்ளையாக்கியிருந்தது. வரும்போதே உதடு நீலம். டாக்டர் தொண்டைக்குள் குழாயை இறக்கினார். பம்பு தன் ஸ்டைலில் இயந்திரத்தை ஓடவிட்டார். உயரத்தை மாற்றக் கை திரைக்குப் போன நொடியில் மூன்றாம் கட்டில் அலறியது. அங்கே படுத்திருந்தவர் மயக்கம் பாதி தெளிந்து தன் குழாயைத் தானே பிடுங்கியிருந்தார். பம்பு ஓடினார். அதைச் சரி செய்ய நாற்பது நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்து பார்த்தபோது டீச்சரின் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்று நான்கு. அழகாக ஓடிக்கொண்டிருந்தது. உயரத்தை மாற்றிவிட்டதாக அவர் மனம் எப்போதோ எழுதி முடித்திருந்தது. விரல்தான் எழுதவில்லை.

நான்கு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, "ஏழு செட்டாயிடுச்சு" என்றார். வேறு யார் செட் செய்திருந்தாலும் அடுத்து வந்தவர் ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பார். பம்பு செட் செய்ததை யாரும் தொடுவதில்லை. இருபத்தாறு வருடத்து நல்ல பெயர் அந்தக் கட்டிலுக்குக் காவல் நின்றது. ஒருத்தரையும் அருகே விடவில்லை. அழுத்தம் மிஞ்சினால் கத்த வேண்டிய மணியும் கத்தவில்லை. இறந்தவரின் நுரையீரல் இறுகிப் போயிருந்ததால் அவருக்காக அந்த மணியின் எல்லையை உயர்த்தி வைத்திருந்தார்கள். அதையும் டீச்சர் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை பெரிய டாக்டர் சுற்றி வந்தபோது நெஞ்சுக்குள் அழுத்தம் முப்பத்தேழு என்று திரையில் எல்லோருக்கும் தெரியும்படி நின்றது. முப்பதைத் தாண்டவே கூடாது. "லங்ஸ் ரொம்ப ஸ்டிஃபா இருக்கு, மோசமான வியாதி" என்றார் டாக்டர். "ஆமா டாக்டர்" என்றார் பம்பு. இருவரும் அனுபவசாலிகள்.

பதினொரு மணிக்கு உறவினர் பார்க்கும் நேரம். டீச்சரின் கணவர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக், நகக் கண்ணில் கிரீஸ், கையில் ஒரு பழைய டூல் பை. எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்கு மேல் முடியாமல் இயந்திரத்தைப் பார்த்தார்.

"இது எவ்ளோ காத்து தள்ளுது சார்?"

வழக்கமாக யாரும் கேட்காத கேள்வி. பம்புவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஒரு தடவைக்கு நானூத்தி நாப்பது மில்லி. ஆளோட உயரத்துக்குத் தகுந்த மாதிரி."

"அவ்ளோ காத்தா இவளுக்கு?" மெக்கானிக் லேசாகச் சிரித்தார். "இவ க்ளாஸ்ல ஸ்டூல் போட்டு ஏறித்தான் சார் போர்டுல தேதி எழுதுவா. ஆறாங்கிளாஸ் பசங்க சில பேர் இவளைவிட உயரம்."

பம்பு போர்வையைப் பார்த்தார். குதிகால் புண்ணாகாமல் இருக்கக் காலுக்கடியில் தலையணை, தலைக்கு மேல் குழாய்க் கற்றை. எல்லாம் சேர்ந்து கட்டில் நிறைந்துதான் தெரிந்தது. போர்வையை விலக்கினார். பாதங்கள் கட்டிலின் முக்கால் பாகத்திலேயே முடிந்துவிட்டன. திரையில் உயரத்தைத் தேடி எடுத்தார். ஆண். நூற்று எழுபத்தெட்டு.

மெக்கானிக்கை, "கொஞ்சம் வெளியே இருங்க சார்" என்று அனுப்பிவிட்டு டேப் வைத்து அளந்தார். நூற்று நாற்பத்தொன்பது. அந்த உடம்புக்கு ஒரு மூச்சு இருநூற்று ஐம்பது மில்லிக்கு மேல் போகக் கூடாது. மூச்சின் அளவைக் குறைத்தார். அதை ஈடுகட்ட நிமிஷத்துக்கு இருபது என்பதை முப்பத்திரண்டாக்கினார். மணியின் எல்லையை இறக்கினார். அழுத்தம் முப்பத்தேழிலிருந்து இருபத்தெட்டுக்கு வந்தது. வியாதியை அத்தனை நேரம் திட்டியது வீண் என்று திரை பணிவோடு தெரிவித்தது. கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு மணி நேரம்.

இரண்டு மணிக்கு நர்ஸ், "அண்ணா, இங்க தொடுங்க" என்றார். டீச்சரின் கழுத்துத் தோலை அமுக்கினால் காய்ந்த சருகை அமுக்குவது போல நொறுநொறுத்தது. நுரையீரல் கிழிந்து காற்று தோலுக்கடியில் கசிந்திருந்தது. வலது பக்கம் சுருங்கிவிட்டது. விலாவில் துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள்.

பம்பு நேரே பெரிய டாக்டரின் அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

"முப்பத்தேழுன்னு நானும்தான் பாத்தேன்" என்றார்.

"செட் பண்ணது நான் டாக்டர்."

"இந்த வியாதியில எல்லாம் சரியா வச்சாலும் பத்துல நாலு பேர் போயிடறாங்க. லங்ஸ் கிழியறதும் நடக்கறதுதான். உங்களாலதான்னு யாரு சொல்ல முடியும்?"

"அதனால இல்லைன்னும் யாரும் சொல்ல முடியாதே."

"இப்ப எதையும் எழுதிடாதீங்க. அவங்க வீட்டுக்காரர்கிட்ட நேரம் பாத்து நானே சொல்றேன்."

கெட்டவர் அல்ல அந்த டாக்டர். சொல்லத்தான் நினைத்தார். நேரம்தான் வரவில்லை.

பம்பு திரும்பி வந்து ஏழாம் கட்டிலின் தாளை எடுத்தார். அதில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது: எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தார்கள், எத்தனை மணிக்கு வாய் துடைத்தார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து. இதற்குத்தான் கட்டம் இல்லை.

"என்ன தேடறீங்க அண்ணா?"

"நான் பண்ணின தப்பை எங்க எழுதறது சிஸ்டர்?"

அந்த நர்ஸ் தலைமை நர்ஸ். பன்னிரண்டு வருடப் பழக்கம். தாளை வாங்கிப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு யாரும் எழுதினதில்ல" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஓரத்துல எழுதுங்க. கையெழுத்துப் புரியற மாதிரி எழுதுங்க, டாக்டர் மாதிரி கிறுக்காதீங்க."

அவர் ஓரத்தில் எழுதினார். இரண்டு வரி. நேரம் போட்டுக் கையெழுத்திட்டார்.

வீட்டில் அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கேட்டார்; சொன்னார். அந்த அம்மாள் தட்டை எடுத்து மூடி வைத்தார். பிறகு, "அந்த மனுஷன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

"டாக்டர் சொல்றேன்னாரு."

"நான் அதைக் கேக்கல."

அந்தக் கேள்வியோடு ஒரு வாரம் போயிற்று. டீச்சர் வந்த ஒன்பதாம் நாள் வராந்தாவில் மெக்கானிக் வழிமறித்தார். "சார், ஒரு சந்தேகம். நெஞ்சுல குழாய் எதுக்கு? யாரைக் கேட்டாலும் 'வியாதியோட தன்மை'ங்கறாங்க. மெஷின் பாக்கறவன் நான். தன்மைன்னு சொன்னா எனக்கு எதுவும் புரியறதில்ல."

பம்பு சொன்னார். பொத்தான், 'அப்புறம்', மூன்றாம் கட்டில், நானூற்று நாற்பது, எல்லாம். சொல்லும்போது தன் குரல் ஷிப்ட் ஒப்படைக்கிற குரலாக இருப்பதைக் கவனித்தார், மாற்றத் தெரியவில்லை.

மெக்கானிக் முழுசாகக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும், "எத்தனை மணி நேரம்?" என்றார்.

"இருபத்திரண்டு."

"செத்துப்போன ஆளோட அளவு."

"ஆமா."

"கதவு பூட்டு சென்சாரை பைபாஸ் பண்ணிட்டு லிஃப்டை ஓட்டற மாதிரி."

"ஆமா. அப்படித்தான்."

"நானும் பண்ணியிருக்கேன்." டூல் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "பண்ணாதவன் எவனும் எங்க தொழில்ல இல்ல. ஆனா நான் பண்ணப்பல்லாம் உள்ள ஆள் இல்ல சார்."

"இனிமே ஏழாம் கட்டிலுக்கு வேற ஆளைப் போடச் சொல்றேன்" என்றார் பம்பு.

"எதுக்கு?" மெக்கானிக்கின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "தப்பிச்சுக்கவா? உம்மைவிட்டா இங்க எவன் பயந்து பயந்து பாக்கப்போறான்? நீரே பாரும்." மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது. ஆனால் வேலை கைமாறவில்லை.

அடுத்த ஆறு நாளும் பம்பு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தார். டீச்சரைக் குப்புறப் படுக்கவைத்து, பதினாறு மணி நேரம் கழித்துத் திருப்பி, உள்ளே நிற்கிற அழுத்தத்தை ஒவ்வொரு புள்ளியாக இறக்கி, ஆக்சிஜனை எண்பதிலிருந்து எழுபது, அறுபது, ஐம்பது என்று கொண்டுவந்தார். ஒரு புள்ளி இறக்கிவிட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே நிற்பார். "முட்டை அடைகாக்கறீங்களா அண்ணா?" என்று நர்ஸ் கேட்டதற்கும் சிரிக்கவில்லை. பதினான்காம் நாள் மருந்தைக் குறைத்ததும் டீச்சர் கண் திறந்தார். கணவர் குனிந்து, "உன் பசங்க எல்லாம் கார்டு எழுதி அனுப்பியிருக்காங்க. ஸ்பெல்லிங் பூரா தப்பு. சீக்கிரம் வா" என்றார். டீச்சரின் புருவம் சுருங்கியது. எழுத்துப் பிழைக்கு முகம் சுளித்தார் என்று மெக்கானிக் வராந்தா முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். பம்புவிடமும் சொன்னார்.

பதினைந்தாம் நாள் காய்ச்சல் திரும்பியது. குழாய் வழியே வந்த கிருமி. இடது நுரையீரலும் மூடிக்கொண்டது. ஐம்பது மறுபடி எண்பது, நூறு. நான்கு எண்களையும் எந்தப் பக்கம் திருகினாலும் ரத்தப் பரிசோதனை ஒரே பதிலைச் சொன்னது. பதினாறாம் நாள் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு டீச்சரின் இதயம் நின்றது. இயந்திரம் அதற்குப் பிறகும் இருநூற்று ஐம்பது மில்லியைச் சரியாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்குச் சொல்ல ஆள் வேண்டும். பம்பு நிறுத்தினார்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. தாளின் ஓரத்தில் இருந்த இரண்டு வரி அதை நடத்தியது. இல்லாவிட்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருக்கும். நிர்வாக அதிகாரி தயாராகவே டைப் செய்த தாளை நீட்டினார். இயந்திரத்தை அமைத்ததில் பிழை நேர்ந்தது உண்மை, ஆனால் மரணத்துக்கு அது காரணமல்ல என்று அதில் இருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"காரணம் இல்லைன்னு எனக்குத் தெரியாதே சார்."

"காரணம்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்போ போட்டா என்ன?"

அந்த வாரமே மெக்கானிக்கின் மைத்துனர் ஒருவர், வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவர், பம்புவின் வீட்டுக்கு வந்தார். அவரும் ஒரு தாள் வைத்திருந்தார். அதில், என் பிழையால்தான் அந்த மரணம் என்று இருந்தது. "நீங்கதான் உண்மை பேசறவராச்சே, இதுல ஒரு கையெழுத்து" என்றார். பம்பு அவருக்கும் அதே பதிலைச் சொன்னார். "ரெண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பாக்கறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு போனார் குமாஸ்தா. உண்மையில் இரண்டு பக்கமும் கெட்ட பெயர்தான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக்கே வந்தார். பம்புவின் மனைவி கதவைத் திறந்து, யாரென்று கேட்காமலே நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"மச்சான் சொன்னான். எழுதித் தர மாட்டேன்னீராமே."

"அவர் கேட்டதை எழுத முடியாது."

"நான் ஒண்ணு கேக்கறேன். முதல் நாளே சரியா வச்சிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"தெரியாது."

"தெரியாதா, சொல்ல மாட்டீரா?"

"தெரியாது சார். பத்துல ஆறு பேர் பொழைப்பாங்க. அவங்க அந்த ஆறுல ஒருத்தரா, நாலுல ஒருத்தரான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இனிமேலும் தெரியப்போறதில்ல."

மெக்கானிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "உம்மாலதான்னு சொன்னா உம்மைத் திட்டிட்டுத் தூங்கிடுவேன். வியாதியாலன்னா சாமியைத் திட்டிட்டுத் தூங்கிடுவேன். ரெண்டுக்கும் வழியில்லாம பண்றீரே ஐயா."

பம்பு எழுந்துபோய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து, மேஜையில் வைத்து எழுதினார். தேதி, நேரம், எந்தப் பொத்தான், நூற்று எழுபத்தெட்டு, நூற்று நாற்பத்தொன்பது, இருபத்திரண்டு மணி நேரம். கீழே: 'இந்தத் தவறு நான் செய்தது. அவர் இதனால் இறந்தாரா, வியாதியால் இறந்தாரா என்பது எனக்குத் தெரியாது.' சம்பளப் பட்டியலில் உள்ள பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்திட்டார்.

மெக்கானிக் வாங்கி இரண்டு முறை படித்தார். "இதை எங்க குடுத்தாலும் எதுக்கும் ஆகாது" என்றார்.

"ஆகாதுதான்."

"நிர்வாகத்துலயும் இதேதான் குடுத்தீரா?"

"நேத்தே குடுத்துட்டேன். திங்கட்கிழமையிலேர்ந்து சிலிண்டர் ஸ்டோர்ல இருக்கச் சொல்லிட்டாங்க."

"தப்புக்கா?"

"எழுதினதுக்கு."

மெக்கானிக் தாளை நான்காக மடித்தார். கிழிப்பாரோ என்று பம்புவின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டார். "வீட்ல வச்சுக்கறேன்" என்றார், இருவரில் யாரையும் பார்க்காமல். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.